புழைக்கு விட்ட பாதித் தோப்பு

காரின் பின்னால் கிடந்த சுண்ணாம்பு மூட்டை நனைந்துவிட்டது. கதவைத் திறந்ததும் அந்தக் காரவாசனை மூக்கில் ஏறியது. காலையிலிருந்து மழை. சித்தூர்ப் புழை ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்கிறார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உன்மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.

வெள்ளக் கரை எங்கே கட்டுவது என்று காகிதத்தில் வரைந்து காட்டினால் ஊருக்குப் பிடிபடாது என்று சொன்னவள் நீ. வெள்ளக் காலத்தில் புழை பரந்து ஓட எவ்வளவு நிலம் விட வேண்டுமோ, அதைக் கபடிக் களம்போலச் சுண்ணாம்பில் கோடு போட்டோம். தென்னை வைத்தவர்கள், நெல் போட்டவர்கள், மாடு மேய்ப்பவர்கள் எல்லாரும் அதன்மேல் நடந்து பார்த்தார்கள். "யாரு வேணும்னாலும் அழிக்கலாமுங்க. ஆனா அழிச்சவங்க தண்ணிக்கு வேற எடங் காட்டோணும்" என்பாய். அதுதான் உன் சட்டம். முதல் கோட்டை உன் வீட்டுத் தோப்பின் நடுவிலேயே இழுத்தாய். பாதித் தோப்பு போனது. உன் அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். நீயோ சிரித்துக்கொண்டு திரிந்தாய்.

அப்புறம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. நீ நட்ட நீர்மருதங்கன்றின் பக்கத்தில் உன்னைப் புதைத்தார்கள், புழைக்கு விட்ட நிலத்தில். அன்று யாருக்கும் கோடு நினைவில்லை.

போன கோடையில் கரை வேலை தொடங்கும்முன் நான் தனியாக மறுபடி கோடு போட்டேன். உன் அண்ணன் வந்து காலால் அழித்தார். "ஏனம்மிணி, அவ மேலயா தண்ணி உடுவே?" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. உன் சட்டப்படி நான்தான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்பத் தண்ணிக்கு எந்த எடமுங்க?"

அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஊர் முழுக்க இருந்தது. அண்ணன் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த சுண்ணாம்பை வாங்கி, அழித்த இடத்திலேயே திரும்பப் போட்டார். கோடு கோணலாக வந்தது. அப்படியே கரை கட்டினோம்.

அந்தக் கோணல் கரைக்கு இதுதான் முதல் வெள்ளம். நீ இருந்தால் இரண்டு பேரும் மாறி மாறிப் பயந்திருப்போம். இப்போது எல்லாப் பயமும் என் தலையில்.

சற்றுமுன் உன் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"மருதங்கன்னு முங்கிருச்சு அம்மிணி."

"ஊரு?" என்று கத்தினேன்.

"ஊருக்குள்ள சொட்டுத் தண்ணி இல்ல. அவளைத் தாண்டி வரல."

காரிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மூட்டையில் நனையாத சுண்ணாம்பை வேறு பையில் அள்ளிக் கட்டினேன். நாளை அடுத்த ஊரில் கோடு போட வேண்டும். உன் சட்டத்தை நான்தான் சொல்ல வேண்டும்.