வாடை அடித்தது என்று சொன்னேன்

ஜூலை 3, வியாழன்

வேதியியல் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தொன்று. சௌபர்ணிகாவுக்கு முப்பத்தெட்டு. பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தவள், எனக்குக் காட்டுவதற்காகவே மறுபடி வெளியே எடுத்தாள்.

காலையில் அப்பா லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று அப்படியே நின்றுவிட்டார். இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கின மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் கண்ணை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

"அம்மாட்டச் சொல்லாத பாப்பா. கண்ணாசுபத்திரி கண்ணாசுபத்திரின்னு இழுத்துக்கிட்டு அலைவா."

சரி என்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை யாரும் புரட்டமாட்டார்கள்.

கோயிலில் இன்று பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பது அப்பாதான். போன செப்டம்பரில் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்ததும் பங்குச்சாமியாரே கொடுத்த வேலை அது. பத்து மாதமாக ஒழுங்காகச் செய்தார். சனிக்கிழமை ராத்திரி நான்கு தடவையாவது சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பார். நேற்று மட்டும் முடியவில்லை. நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்காலி ஏற்றிப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் வந்தார்.

நான் பாட்டுக்குழு என்பதால் அவரோடு பைக்கில் முன்னாலேயே போய்விட்டேன். அம்மா பிறகு நடந்து வந்தாள்.

பாதிவரை நன்றாகத்தான் வாசித்தார். பிறகு ஒரு வார்த்தை குழறியது. அடுத்ததும் குழறியது. வலது கை பக்கத்தைத் திருப்பப் போய், திருப்பாமல் புத்தகத்தின்மேலேயே கிடந்தது. முடிவில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும். அவருக்கு அது வரவில்லை. "அளு... அளு..." என்று இரண்டு தடவை முயன்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதிலுக்கு இறைவனுக்கு நன்றி என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பாட்டுக்குழு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜான் பீட்டர் பெரியப்பா அப்பாவின் அண்ணன். பங்கு மக்களிடையே அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

"குடிச்சிட்டுப் பீடத்துல ஏறுற அளவுக்கு வந்துட்டியாடா?"

இல்லண்ணே, சத்தியமா இல்ல என்றார் அப்பா. அதற்குள் நாக்கு சரியாகியிருந்தது. அது அவருக்கு எதிராகவே போனது; உடம்புக்கு ஒன்று என்றால் இப்படி உடனே சரியாகுமா என்றார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதான பின்னால உக்காந்து வந்த. வாடை அடிச்சுச்சா, இல்லையா? உள்ளதச் சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். இனிப் பிரச்சினை முடிந்தது என்பதுபோல நிம்மதியாகப் பார்த்தார்.

"அடிச்சுச்சு" என்றேன்.

அடிக்கவில்லை. சோப்பு வாடைதான் அடித்தது.

பிறகு ஏன் சொன்னேன்? முன்பெல்லாம் அவர் குடித்துவிட்டு வந்தால் அம்மா என்னைத்தான் கேட்பாள். இல்லம்மா இல்லம்மா என்று சாதிப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாசலிலேயே விழுவார். அப்புறம் பெரியப்பா வீடு தொடங்கி எல்லாருக்கும் நான் அப்பனுக்கேற்ற பொய்க்காரி. இன்றைக்கும் குடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் பொய்க்காரி ஆகக்கூடாது என்று நினைத்தேன். அதற்காகப் பொய் சொன்னேன். எழுதிப் பார்த்தால் கிறுக்குத்தனமாக இருக்கிறது.

பெரியப்பா அப்பாவை அறைந்தார். ஒரே அறை. அப்பா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆட்டோ சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அப்பாவோடு அவள் பேசுவதில்லை. எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தாள். உண்மை சொன்னதற்கு.

சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

அப்பா கொடியில் துணி காயப்போட உதவுகிற மாதிரி பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "பாப்பா, நெசமாவே அடிச்சுச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

ஆமாம்ப்பா என்றேன்.

முதல் தடவை சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். இன்றைக்கு யார் நின்றார்கள்? கொடியும் துணியும்தான்.

ஜூலை 12, சனி

சிறப்பு வகுப்பு. விலங்கியல் மிஸ் இதயத்தை வரைந்துவிட்டு, கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பெரிய குழாய்களை வரைந்தார். இதயத்துக் குழாயில் கொழுப்பு படிந்து சுருங்குகிறதுபோலவே இதிலும் சுருங்குமாம். அதிலிருந்து துணுக்கு உடைந்து மேலே போனால் வாய் குழறும், ஒரு பக்கத்துக் கை விழும், சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கும். சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள், அதுதான் தப்பு, அடுத்தது பெரிதாக வரும் என்றார்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்ன மரிய அனிதா, உடம்பு சரியில்லையா என்று மிஸ் கேட்டார்.

திரை. நாக்கு. கை. மூன்றையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். திரையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. மற்ற இரண்டையும் குடி ஆக்கிவிட்டவளும் நான்தான்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா சாமியாரைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிட்டேன். என்னடி என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நாளைக்குக் காலையில் சொல்லிவிடுவேன். எழுந்ததும்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

பெரியப்பா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஏதோ சொன்னார், அதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அம்மா ஓடிவந்து முதலில் செய்தது, குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தது. அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"வாடையே இல்லையேடி."

அப்போதாவது சொன்னேனா? இல்லை. 108 வந்தது. காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். போகிற வழியிலேயே பேச்சு வந்துவிட்டதாக அம்மா போன் பண்ணினாள். அம்மா பெயரைச் சொன்னாராம். இன்பமேரி என்று முழுசாகச் சொன்னாராம்.

ஜூலை 16, புதன்

அம்மா பெரியம்மாவிடம் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இடது பக்கக் குழாய் முக்கால்வாசிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. இதயத்துக்கு வைக்கிறார்களே, அந்த மாதிரி ஸ்டென்ட் ஒன்றைக் கழுத்துக் குழாயில் வைக்க வேண்டும், கிழிக்கத் தேவையில்லை. ஆனால் இதுதான் முதல் தடவை என்பதால் இப்போதைக்கு மாத்திரை, அடுத்த மாதம் வந்து வைத்துக்கொள்ளலாம், நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். ஏற்கெனவே இப்படி வந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடக்கூடாதாம்.

முன்னால வந்துருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாரு, இல்லைன்னுட்டேன்க்கா என்றாள் அம்மா. கோயிலில் நடந்ததைச் சொல்லவில்லையாம். "அது குடியில வந்தது. அத எதுக்கு அங்க போயிச் சொல்லி அசிங்கப்படணும்?"

ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு மணிகூட நகரவில்லை. மாதாவிடம் என்ன கேட்பது? அப்பாவைக் காப்பாற்று என்றா, நான் சொல்லாமலே காப்பாற்று என்றா?

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பெரியம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். அம்மா எடுத்ததும், நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்து ஒரே மூச்சில் சொன்னேன். வாடை அடிக்கல. நான் பொய் சொன்னேன். அன்னைக்கு வலது கையும் வேல செய்யல. அதுக்கு முன்னால கண்ணுல திரை இறங்குச்சு.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"திரை எறங்குனது என்னைக்கு?"

"மூணாந்தேதி."

"எந்தக் கண்ணு?"

"இடது."

"எத்தன நிமிசம்?"

"அஞ்சு."

யாருக்கோ எழுதிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கடைசியில், டாக்டர் வர்றாரு, போனை வை என்றாள். நான் வைக்கும் முன் அவளே வைத்துவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கும் அனுப்பவில்லை, அடுத்த மாதத்துக்கும் தள்ளவில்லை. நேற்று அம்மா ஏதோ சொன்னதும் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். என்ன சொன்னாள் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்: பன்னிரண்டு நாளுக்குள் மூன்று தடவை.

தொடையில் சின்னத் துளை போட்டு, அங்கிருந்து கம்பியை மேலே கழுத்துவரைக்கும் ஏற்றினார்களாம். உடைகிற துணுக்கு மூளைக்குப் போகாமல் பிடிக்க முதலில் குடை மாதிரி ஒரு வடிகட்டி. பிறகு பலூன், அப்புறம் வலைபோல ஒரு சின்னக் குழல். அப்பாவுக்கு மயக்க மருந்து இல்லை. வலது கையில் அமுக்கினால் கீச்சென்று கத்தும் பொம்மையைக் கொடுத்துவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும், பேசச் சொன்னால் பேச வேண்டும். கையும் நாக்கும் வேலை செய்கிற வரைக்கும் மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். அப்பா காரைக்குடியிலிருந்து மதுரைவரை ஊர்ப் பேராகச் சொல்லிக்கொண்டு போனாராம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர். மேலூர் வந்ததும் இங்குட்டு ஒரு டீ அடிச்சிட்டுப் போவமா டாக்டர் என்றாராம்.

பெரியம்மா இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அம்மா அவளிடம் அரை மணி நேரம் பேசினாள். என்னிடம் கொடு என்று கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு அடையாளமும் இல்லை. தொடையில் மட்டும் ஒரு பிளாஸ்திரி. காயமே தெரியாத இடத்துக்கு இத்தனை பயம்.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா மட்டும் பூசைக்குப் போனாள். அப்பாவுக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது. அவர் விழுங்கியதும் சொன்னேன்.

"வாடை அடிக்கலப்பா."

"தெரியும். அம்மா சொன்னா."

கொஞ்ச நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுல பயலுக கலர் சோடா குடுத்தானுக. குடிச்சேன். நீ அடிச்சுச்சுன்னு சொன்னவொடன, அதுல எதையும் கலந்துட்டானுகளோன்னு நெனச்சேன். நீ பொய் சொல்லுவன்னு தோணல பாப்பா. எனக்குத்தான் நெனவில்லையாக்கும்னு இருந்துட்டேன்."

அதனால்தான் கோயிலில் நடந்ததைப் பற்றி டாக்டரிடம் அவரும் வாய் திறக்கவில்லை; திரை இறங்கியதை வெறும் கண் கோளாறு என்றே விட்டிருக்கிறார். என்னைவிடத் தன்னை நம்பாமல் இருந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் எதற்குப் போனார் என்றும் சொன்னார். குடித்துவிட்டேன், சத்தியத்தை மீறிவிட்டேன் என்று பாவசங்கீர்த்தனம் பண்ணப் போயிருக்கிறார். செய்யாத பாவத்துக்கு முழங்கால் போட்டிருக்கிறார். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னாராம் சாமியார். அதையும் சொல்லி முடித்துவிட்டாராம்.

"என்னத் திட்டுங்கப்பா."

"சத்தம் போட்டா பிரஷர் ஏறும்னு சொல்லியிருக்காக" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று ஜெபமாலையை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஆகஸ்ட் 2, சனி

அம்மா இன்று பேசினாள். நான் பாத்திரம் துலக்க, அவள் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு நாளு போயிருந்தா, படுத்த படுக்கைதான்னு சொன்னாரு அந்த டாக்டரு" என்றாள். பிறகு கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "ஒன்ன மட்டும் சொல்லி என்ன. பத்து மாசமா அந்த மனுசன் வாசப்படி ஏறும்போதெல்லாம் நானுந்தான் மோந்துக்கிட்டு நின்னேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெரியப்பா அப்பாவைப் பார்க்க வந்தார். மத்தியானம் இங்கேயே சாப்பிடச் சொன்னாள் அம்மா. எண்ணெய் குறைத்து வைத்த மீன் குழம்பு. இது ஆசுபத்திரிக் குழம்பாக்கும் என்று கேலி செய்துகொண்டே இரண்டாம் தடவை வாங்கினார்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "ஏன்டா சூசை, அப்ப அன்னைக்குக் கோயில்ல வந்ததும் இதானா?"

வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் அறிந்தது அது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லண்ணே. அன்னைக்குக் குடிச்சிருந்தேன்."

அம்மாவின் கையில் கரண்டி நின்றது.

அதான பார்த்தேன் என்றார் பெரியப்பா. பெருமூச்சு விட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார். அவர் அடித்த அடி சரியானதாகிவிட்டது. நானும் ஊருக்கு உண்மை சொன்ன பிள்ளையாகவே இருந்துவிடலாம். தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனால் போதும். அப்பா அதை எனக்காகத்தான் செய்தார். அவருடைய பத்து மாதத்தை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டார்.

"இல்ல பெரியப்பா. அப்பா குடிக்கல. வாடையே அடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

உள்ள போ பாப்பா என்றார் அப்பா. போகவில்லை. கால் நகரவில்லை என்பதுதான் நிஜம்.

பெரியப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எழுந்து கை கழுவ வெளியே போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தார். பாதியில் விட்ட அதே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டியைத் தன் பக்கம் இழுத்து, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, அப்பாவின் தட்டில் வைத்தார்.

அப்பா வலது கையால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, அதைச் சாப்பிட்டார்.