வேப்பிலை நோட்டும் வெள்ளை வேனும் குறித்து

அனுப்புநர்:
சு. மங்களம்,
பூ வியாபாரம், தேக்கா மார்க்கெட் வாசல்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரச் சுகாதார அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: என் பூ நோட்டைப் பார்த்து அம்மை கண்ட வீடுகளை அறியும் வழி அடைபட்டது – உடனே சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேக்காவைச் சுற்றி நூற்றுப்பத்து வீடுகளுக்குத் தினமும் பூ கொடுக்கிறேன். எந்த வீட்டுக்கு எத்தனை முழம் என்று நோட்டில் எழுதிவைப்பேன். நம் மக்கள் அம்மை கண்டால் டாக்டரிடம் போகமாட்டார்கள். பூவை நிறுத்திவிட்டு வேப்பிலை கேட்பார்கள். அதையும் எழுதுவேன்.

2. சென்ற பங்குனியில் ஒரே சந்தில் மூன்று நாளில் ஐந்து வீடுகள் வேப்பிலை கேட்டன. கடைகளைப் பார்வையிட வந்த தங்கள் இன்ஸ்பெக்டர் திரு. பரமசிவத்திடம் நோட்டைக் காட்டினேன். மறுநாளே டாக்டர் வந்தார். அக்கம்பக்கம் எல்லாருக்கும் அம்மை வராமலிருக்க ஊசி, அதுதான் அம்மை குத்தினார்கள். நோய் அந்தச் சந்தைத் தாண்டவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. அதுமுதல் இன்ஸ்பெக்டர் காலைதோறும் வந்து நோட்டைப் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுத்தைச் சர்க்கார் படிக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. இம்மாதம் ஆறாம் தேதி அவர் திரு. மருதப்பன் வீட்டு வாசலில் தங்கள் இலாகாவின் வெள்ளை வேனை நிறுத்தி, பூக்காரம்மா நோட்டில் அவர்கள் வீடு இருப்பதாகத் தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். நல்ல பிள்ளைதான் ஐயா, வாய்க்குத்தான் பூட்டு இல்லை. மருதப்பன் மனைவி என் முகத்தில் விழிப்பதில்லை.

4. பதினாறு நாளாக யாரும் என்னிடம் வேப்பிலை வாங்குவதில்லை. தீவின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சிக்குப் பஸ் ஏறிப்போய் ஒடித்து வருகிறார்கள். நோட்டில் வேப்பிலை இல்லாததால் அம்மையே இல்லை என்று தங்கள் அலுவலகத்தில் எழுதிக்கொண்டதாகக் கேள்வி. அட கடவுளே! நேற்று நான்கு வீடுகள் பூவை நிறுத்தின. கேட்டால் ஊருக்குப் போகிறோம் என்கிறார்கள். வாசலில் வேப்பிலை தொங்குகிறது. அதில் ஒரு வீட்டு மேல்மாடியில் இன்னும் அம்மை குத்தாத கைக்குழந்தைகள் மூன்று. வந்திருப்பது பெரியம்மையா சின்னம்மையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

5. ஆகவே, சேலை கட்டிய தமிழ் நர்ஸ் ஒருவரை நாளைக் காலை நடந்தே வரும்படி அனுப்பிவைக்க வேண்டுகிறேன். வேன் வேண்டாம். நோட்டின் பெயரை யாரும் எடுக்க வேண்டாம். இப்படி நடந்தால் என் நோட்டு என்றும் தங்களுக்குத் திறந்தே இருக்கும்.

அந்த நான்கு வீடுகளின் எண்ணை இந்த மனுவில் வேண்டுமென்றே எழுதவில்லை. மன்னிக்கவும். ஆறு மணிக்கு மார்க்கெட் வாசலில் நிற்பேன். நர்ஸம்மாவை நானே கைப்பிடித்துக் கூட்டிப்போகிறேன்.

நாள்: 22.6.1959
இடம்: தேக்கா, சிங்கப்பூர்

தங்கள் நல்ல பதிலை நம்பியிருக்கும்,
சு. மங்களம்