நீ அனுப்பிய டிஸ்க்கும் என் குரலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது பார்.

விஷயம் நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க்தான். பழைய டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது, ஒலிப்புத்தகக் கம்பெனிக்காக நான் படித்துப் பதிவு செய்கிற நாவல் முழுக்க அதற்குள் கிடக்கிறது என்று புலம்பியதும் பார்சல் அனுப்பினாய். பிரிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, என் பையன் அனுப்பியிருக்கான், பழசை விட நாலு மடங்கு பெருசு என்று காட்டினேன், அவளும் அது தின்பதா உடுத்துவதா என்று தெரியாமலே தொட்டுப் பார்த்து மெச்சிவிட்டுப் போனாள். நம் ஸ்குரு வந்து (கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்கு நீ வைத்த பெயர்தான், உன் அப்பா இப்போது முகத்துக்கு நேரே அப்படியே கூப்பிடுகிறார்) பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி, மாட்டிக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் கிளம்பியது பார், அம்மாடி! சவரம் பாதியில் நுரையோடு ஓடி வந்த உன் அப்பா, மிக்ஸியை எவடீ மூடாம போட்டது என்றார். அன்றே உன்னைக் கூப்பிட்டேன். கொஞ்ச நாள் பாருங்கம்மா, சரியாயிடும் என்றாய். படித்த பிள்ளை சொல்லிவிட்டான், சரியாகிவிடும் என்று நானும் ஸ்குருவைத் திரும்பக் கூப்பிடாமலே இருந்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

சரியாகவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன், ஆன் செய்த முதல் சில நிமிஷம் அது வாயை மூடிக்கொண்டிருக்கும், அப்புறம்தான் அலறும். ஆகவே அந்தச் சில நிமிஷத்துக்குள் கடகடவென்று படிப்பேன், அலறல் எழுந்ததும் அணைத்துவிட்டுப் போய்த் துணி மடிப்பேன், ஆறியதும் மறுபடி உட்காருவேன். போர்வையை மைக்கோடு சேர்த்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு நான் படிக்கிற கோலத்தைப் பார்த்த உன் அப்பா, ஆவி பிடிக்கிறியா, மாத்திரை வேணுமா என்று கேட்டார். சிரிப்பாய். கேட்ட கம்பெனிக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவுக் கம்பெனி மேனேஜர், உன் வயதுப் பெண், பொறுமைசாலி. அவளே, அக்கா, ஒவ்வொரு பக்கத்தையும் வேற வேற ஆளு படிக்கிற மாதிரி இருக்கு, கதையில புருஷன் செத்துக் கிடக்கிற இடத்துல அந்தப் பொம்பளை பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி பேசுது என்றாள். உண்மைதான், நான் ஃபேனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மறுபடி படித்து அனுப்பினேன், அதில் அலறலும் சேர்ந்து வந்தது. அவள் அப்புறம் கூப்பிட்டு, தப்பா நினைச்சுக்காதீங்கக்கா என்று ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாவலை முதலிலிருந்து வேறொருத்தி படிக்கிறாள். எனக்கென்று இந்த வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே காரியம் அது. உன் அப்பா, விடு, தொண்டைக்கு ரெஸ்ட் என்றார், அவரிடம் நான் நாள் முழுக்கப் பேசவில்லை, அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்குருவைக் கூப்பிட்டேன். அவர் திறந்து பார்த்து, இந்த மாடல் அப்படித்தாம்மா, கம்ப்யூட்டர் கம்பெனியோட சொந்த டிஸ்க்னா தன் சூட்டை மெஷினுக்குச் சொல்லும், வெளி டிஸ்க் சொல்லாது, சூடு தெரியலையேன்னு மெஷின் பயந்து ஃபேனை முழு வேகத்துல விட்டுடும் என்றார். காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்டால் வாய் திறக்காத மருமகளை வைத்துக்கொண்டு மாமியார் பதறுகிற மாதிரி. (என் மருமகளைச் சொல்லவில்லை, அவள் நன்றாகவே வாய் திறப்பாள்.) சூட்டைப் பார்க்கிற ஒரு சின்ன ஒயரை டிஸ்க்கின் மேல் ஒட்டினார், ஃபேன் அடங்கியது. இவ்வளவுதானா என்று நான் வாயைப் பிளந்தேன். அப்போதுதான் அந்த மனுஷர், ஏதோ நல்ல சேதி சொல்வது போல, தம்பி வாங்குறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் போட்டாரும்மா, இது கத்தும், ஒயர் ஒண்ணும் சேர்த்து வாங்கிடுங்கன்னு சொன்னேன், பரவால்லண்ணே, அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கன்னுட்டாரு என்றார்.

டேய், உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சரியாயிடும் என்று என்னிடம் சொன்னாய். பத்து வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரே தனக்குப் பொருந்தாததை உள்ளே வைத்தால் தெரு கேட்க அலறுகிறது, நான் அலறமாட்டேன் என்று நீயும் உன் அப்பாவும் எத்தனை நிச்சயமாக இருக்கிறீர்கள். ஒயரின் காசைப் பற்றி நான் பேசவில்லை. அம்மா, இது கத்தும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஸ்குருவிடம் கேட்டு வாங்கி ஒட்டியிருப்பேன், என் நாவலை நானே படித்து முடித்திருப்பேன்.

சம்பந்தியம்மா நேற்றுப் பேசினார். மருமகளின் பிரசவத்துக்கு நான் வந்து ஆறு மாதம் உங்களோடு இருக்கப்போகிறேனாம், நீ அவரிடம் சொல்லி டிக்கெட்டும் பார்த்துவிட்டாயாம். சந்தோஷம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மேனேஜர் பெண்ணிடம் கெஞ்சி, வேறொரு நாவலுக்கு மாதிரிப் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறேன், எடுபட்டால் பிரசவ மாதத்திலேயே அந்த வேலையும் தொடங்கும். டிக்கெட்டை வாங்காதே. முதலில் என்னைக் கேள், அம்மா, உங்களால் வர முடியுமா என்று. முடியுமா முடியாதா என்று அப்போது சொல்கிறேன், என்ன சொல்வேன் என்று இப்போது எனக்கே தெரியாது.

மருமகளை மாடிப்படி ஏறி இறங்க விடாதே, நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பிறக்கப்போகும் குழந்தையும் நீங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இதை மட்டும் கோபமில்லாமல் எழுதுகிறேன். மறக்காமல் பதில் போடு, பார்சல் வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னிடமிருந்து ஒரு கேள்விக்காகக் காத்திருக்கும்
அம்மா