பதிவேட்டில் இல்லாத நாய்

தின்ஷோவிலிருந்து

அன்புள்ள நாஜி,

நீ அங்கே சுகமாக இருக்க அல்லாஹ் அருள்புரியட்டும். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறையில்லை, மனதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வாற்கோதுமை அறுத்தாயிற்று, காலையில் மேட்டுப் புல்லெல்லாம் உறைபனி. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓநாய்க் கூட்டத்தில் ஒன்பதில் ஆறு செத்துவிட்டன. வெறிநோய்தான் என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. மாட்டு மந்தைக்குள் மறைந்து நடந்து அவை எலி பிடிப்பதை நீயும் பார்த்திருக்கிறாய், ஒரு மாடுகூடத் தலைநிமிராது. இப்போது மாடுகள் தனியாக மேய்கின்றன. நோய் உன் அலியீ மாமாவின் நாயிடமிருந்து போயிருக்கிறது. இரண்டு மாதம் முன்பு அது வெறிபிடித்து மாமாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு மேட்டுக்கு ஓடி ஓநாய்களோடு மல்லுக்கட்டியதை மேய்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். பயப்படாதே, கோபா ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. “நாய்க்குப் போடாத ஊசிய எனக்குப் போடுறாங்க, இனி நான்தான் குரைக்கணும்” என்று அங்கேயும் சிரிக்க வைத்தானாம். ஊசி போட்ட நாய் கழுதைப்புலி வந்தாலும் தூங்கும் என்று நம்பி, கணக்கெடுப்பின்போது அதை ஒளித்து வைத்திருந்தான்.

ஒளித்தது அவன், பார்க்காமல் விட்டது நான். போன கோடையில் தடுப்பூசி போடுவதற்காகப் பட்டி பட்டியாக நாய்க் கணக்கெடுத்தபோது, மற்றவர்கள் வீட்டில் விறகுக் குவியலுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். யார் சொல்லையும் அப்படியே நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் மாமா “நாயா? அது செத்துப் பல நாளாச்சு” என்றான். வாசலில் நக்கிக் காலிசெய்த சட்டி கிடந்தது. கண்ணில் பட்டும் அவன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நாய் இல்லை என்று எழுதினேன்.

“அறிக்கையில மாமா பேரை மட்டும் எழுதாதீங்கம்மா, மேய்ச்சல் உரிமையைப் புடுங்கிடுவாங்க, அவர் தோள்லதான் நான் பள்ளிக்கூடம் போனேன்” என்றாய். புடுங்கக்கூடும். ஆனால் பெயர் இல்லாவிட்டால் நோய் எந்தப் பட்டியில் தொடங்கியது என்று தெரியாது, தடுப்பூசிக் குழு நம் பக்கத்தை விட்டுக் கிழக்கே போய்விடும். இந்தப் பக்க மலைமுதுகுக்கு அப்பால் இன்னொரு ஓநாய்க் கூட்டம் குட்டிகளோடு இருக்கிறது. எழுதிவிட்டேன், நாஜி.

அனுப்பும் முன் அவனிடம் வாசித்துக் காட்ட நேற்று போனேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கடைசி வரை கேட்டான். பிறகு, “ஏ படிச்சவளே, வெறும் அலியீன்னு எழுதியிருக்க. இந்தப் பக்கம் நாலு அலியீ இருக்கான், பாவம். அப்பா பேரையும் சேத்துப் போடு” என்றான். போட்டேன். அதற்கு அடுத்த வரியில், பட்டியைச் சோதிக்காமல் பதிவு செய்த அலுவலர் என்று என் பெயரும் இருக்கிறது. இரண்டு வரியும் எங்கள் அப்பா, உன் தாத்தா ஜார்ஸோவின் பெயரில்தான் முடிகின்றன.

மாமாவுக்கு நீயே ஒருமுறை பேசு. சமாதானம் சொல்லாதே, மாடுகளைப் பற்றிக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் பனியில் நடக்காதே. அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
மோமினா