வீதி குறைவு

ஜூன் 9

மன்னியுங்கள் அப்பா. இது லாரி ஆபீசில் உங்களுக்குக் கொடுத்த டைரி. நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வெறுமையாகக் கிடப்பது உறுத்துகிறது. வருஷம் பழையது, தேதி போதும்.

என் ஆபீசில் புது வேலை. தமிழ்நாட்டிலிருந்து வரும் லாரி டிரைவர்களுக்குக் கேரளத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம். மலையாளத்தில் இருப்பதை நான் தமிழாக்க வேண்டும். "ஷெமிக்கு ரெண்டும் அறியுமல்லோ" என்றார் மேலாளர் ஹரிகுமார் சார். தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா சொல்வது சரிதான்: "நம்ம குடும்பத்துல முதல் டிகிரிக்காரி. வாயிலதான் பூட்டு."

ஜூன் 12

முதல் பாடம், பொருளாதாரம். அரிசி, காய்கறி, முட்டை, சிமெண்ட் எல்லாம் வெளியிலிருந்து லாரியில் வருகிறது. ரப்பரும் தேயிலையும் மீனும் வெளியே போகின்றன. ஆனாலும் திரும்புகிற வண்டிகள் பல காலி.

காலி வண்டி. நீங்களும் அன்று காலி வண்டியில்தான் திரும்பினீர்கள்.

மாலையில் வீட்டுக்கு முன்னால், கரமனை ரோட்டில் ஒரு லாரி இரண்டு தடவை நீட்டி ஹார்ன் அடித்துப் போனது. நீங்கள் அடிப்பது போலவே. வந்துட்டேன், சோறு வை என்று அம்மாவுக்குச் சொல்வது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள். "உறங்கிப்போய் பாலத்துல முட்டிச் செத்த மனுஷனுக்கு ஹார்ன் ஒரு கேடு." மூன்று வருஷமாக இதே பேச்சு. போலீஸ் சொன்னது, வண்டி முதலாளி சொன்னது, அம்மா நம்பியது.

ஜூன் 17

நெடுஞ்சாலைகள். பாலக்காடு வழியாகக் கொச்சிக்கு 544. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 744. காசர்கோட்டிலிருந்து கடலோரமாக இங்கே வருவது 66.

நீங்கள் ஓட்டியதெல்லாம் நாக்பூர் லைன். இந்தியில் சண்டை போடுவீர்கள். மலையாளத்தில் டீ கேட்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இருக்கணும் என்றுதான் கடைசியில் இந்த ஊர் லோடு எடுத்தீர்கள்.

ஜூன் 18

எச்சரிக்கைப் பலகைகள். "வீதி குறஞ்ஞ பாலம்." கை தானாக எழுதியது: அகலம் குறைந்த பாலம்.

பேனாவை வைத்துவிட்டேன்.

வீதி. மலையாளத்தில் அகலம். நமக்குத் தெரு.

அன்று கல்லாற்றில் ஒரு கடையில் சிமெண்ட் இறக்கிவிட்டு, கடைசியாக அம்மாவுக்குப் போன் செய்தீர்களே — "இனிமே வீதி குறைவுன்னு கடைக்காரர் சொல்றாரு, தங்கம். தெரு இல்ல, ஆள் இல்ல. ஒரே மிதியா மிதிச்சு வந்துருவேன்."

அம்மா இதை எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கிறாள். தமிழில் சொன்னாள். தமிழாகவே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜூன் 22

பஸ் பிடித்துக் கல்லாறு போனேன். கடைக்காரர் தான் எச்சரித்ததை மறக்கவில்லை. "ஞான் பறஞ்ஞதா மோளே, இனி வீதி குறவாணுன்னு. ஆளு சிரிச்சு. 'ரொம்ப நல்லது'ன்னு பறஞ்ஞு வண்டி எடுத்து."

ரொம்ப நல்லது.

பாலம் அடுத்த வளைவில்தான், உறங்குகிற தூரமில்லை; அதுவரை நடக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

ஜூன் 23

அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிய கை நின்றது.

"அப்போ உறங்கலியா?"

"இல்லம்மா."

"முழிச்சுதான் இருந்தாரா?"

முழித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு...

ஜூன் 30

சாரிடம் வாய் திறந்தேன். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்து அர்த்தம் மாறும் சொற்களுக்கு ஒரு பக்கம் வேண்டும். "பேஜ் கூடுமே ஷெமி" என்றார். காரணத்தைச் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் முடித்தேன். சார் கைப்பிரதியைத் தன் பக்கம் திருப்பினார். "ஃபர்ஸ்ட் பேஜில வெச்சோ."

ஜூலை 21

புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கம், முதல் சொல்: வீதி. கீழே நான் சேர்த்தது: புரிந்ததாகத் தோன்றினாலும் இன்னொரு தடவை கேளுங்கள் அண்ணே.

மாலையில் ஹார்ன். இரண்டு தடவை, நீட்டி.

அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை. இப்போதெல்லாம் சாத்துவதே இல்லை. எழுந்து போய் உலை வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை. மூடி வைத்த தட்டை, சோறு தொடாமல் கிடக்க, காலையில் நான்தான் எடுக்கிறேன்.

அப்பா, அம்மாவுக்கு இப்ப உங்க மேல கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கரமனை தாண்டும்போது ஹார்ன் அடிக்காம போங்க.