கொழும்பிலிருந்து வந்த விடைகள்

ஜூன் 12, வெள்ளி
வெக்கை. மேற்கிலிருந்து அனலாய்க் கச்சான் காற்று. இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு மானக்கேடாக இருந்தாலும்.

இன்று முழுக்க ரிஸ்னா மேல் பொறாமை. கொழும்பு மாமியின் மகள். என்னைப் போல இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. வீட்டிலேயே இன்டர்நெட். பல் தீட்டிக்கொண்டே பழைய வினாத்தாள் எடுப்பாளாம். எங்கள் பாடசாலையில் சுனாமிக்குப் பிறகு வந்த ஐந்து கம்ப்யூட்டர். பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. சாவி அதிபரிடம். பஜாரில் நெட் கடை உண்டு. பொடியன்கள் நிற்கிற இடம் என்று வாப்பா விடமாட்டார்.

பழைய விஞ்ஞானத் தாளொன்றின் விடைகளைப் பிரின்ட் எடுத்து பஸ்ஸில் அனுப்புகிறாளாம். அடுத்த சனி டியூஷனில் பரீட்சை, சேர் அந்தத் தாளில்தான் கேட்பார். டியூஷனில் என்னோடு படிக்கிற நஸ்மியாவிடம் சொல்லவில்லை. போன முறை அவளைவிட எனக்கு ஒரு புள்ளிதான் கூட.

ஜூன் 16, செவ்வாய்
பார்சல். பன்னிரண்டு பக்கம். ஒரு தமிழ் எழுத்து இல்லை. tpilfs; என்று ஏதேதோ. ரிஸ்னாவின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு போடவில்லையாம், அதனால் தமிழெல்லாம் இங்கிலிஷ் எழுத்தாக வந்திருக்கிறது. அவள் இங்கிலிஷ் மீடியம், பார்க்கவேயில்லை. அழுதேன். பிறகு அந்தத் தாள்களால் புத்தகங்களுக்கு உறை போட்டேன்.

ஜூன் 20, சனி
நஸ்மியா வழக்கம்போல வரிப்பத்தான்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வகுப்பு தொடங்கும்வரை எங்கள் வீட்டில். இன்டர்நெட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. என் புத்தகத்தைத் தூக்கினாள். உறையை வாசித்தாள்!

“இது விடைத்தாள் புள்ள. எங்கட சாச்சாட பிரஸ்ல கல்யாணக் காட் அடிக்கக்குள்ள கம்ப்யூட்டர்ல சிலநேரம் இப்பிடித்தான் கிடக்கும். லீவுல நான்தானே டைப் அடிக்கிற. t எண்டா வ, k எண்டா ம.”

எல்லா உறையையும் கழற்றினோம். அவள் வாசிக்க நான் எழுதினேன். நடுவில் நிறுத்தி, “எனக்குக் காட்டத்தான் வெச்சிருந்தியா?” என்றாள்.

“ஓம்” என்றேன்.

பரீட்சை. எழுதிய கைக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வாசித்தவளுக்கு எல்லாம் ஞாபகம். சேர் அங்கேயே திருத்தினார். நஸ்மியா முதலாம் இடம். நான் மூன்று.

எப்படி இவ்வளவு புள்ளி என்று சேர் கேட்டதற்கு அவள் எழும்பி நின்று, “இவதான் சேர் கொழும்பில இருந்து எடுத்துத் தந்தா” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலாம் இடத்தையும் எடுத்துக்கொண்டு நல்லவளாகவும் இருக்கிறாள். என்னால் ஒன்றுகூட முடியவில்லை.

அடுத்த சனி அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்வேனா தெரியா

உம்மா லைட்டை அணைத்துவிட்டார்.