நீச்சல் கேட்ட ஃபாரம்

ஊரூர் ஒல்காட் குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் மணிமொழிக்கு உன் சித்தப்பா டில்லிபாபு எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், பிற்பாடு யாரும் இல்லை என்று சொல்லக்கூடாது பாரு. இங்கே நானும் உன் சித்தி சுலோச்சனாவும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அவளுக்கு முட்டி வலி பழையபடி, எனக்கு ஒரு நோயும் இல்லை, கோபம் மட்டும்தான். மாலத்தீவில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமா. டின் மீனைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, டில்லிபாபு வீட்டுப் பெண் டின் மீன் தின்கிறாள் என்று வெளியே தெரிந்தால் எனக்குத்தான் அசிங்கம். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசி என் பேச்சைக் கலைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரைக்கும் படி.

அடையாறு டெப்போவுக்குப் பின்னாடி மாடியில் இருக்கிறதே கடல் கல்வி மையம், பள்ளிக்கூட டீச்சருங்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற இடம், அங்கே வேலைக்கு எடுத்த பன்னிரண்டு பேரில் நீயும் ஒருத்தி. உனக்கு மெயில் வந்திருக்கும், ஆனால் எனக்கு அதற்கும் முன்னாடியே தெரியும். நோட்டீஸ் ஒட்டின அன்றைக்கே டீக்கடையில் அசோகனிடம் சொன்னேன், இதில் ஒரு சீட்டு எங்க மணிமொழிக்குத்தான்டா என்று. மாமா, நீ வரும்னு சொன்ன மழையே ஒரு நாளும் வந்ததில்ல, அவ வேலை எங்க வரப்போவுதுன்னு நக்கல் பண்ணினான். இப்போது மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வானாம். ஆறு வருஷமாக அந்தத் தீவில் தனியாகக் கிடக்கிறாய், மார்ச்சோடு உன் காண்டிராக்ட் முடிகிறது, மே மாதத்திலிருந்து இங்கேயே வேலை, மயிலாப்பூர் தி.நகர் பள்ளிக்கூடமெல்லாம் போய் டீச்சருங்களுக்கே பாடம் எடுப்பாய், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நம்ம சோறு தின்பாய். சித்தி பீரோவில் உனக்கு ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்துவிட்டாள், என் வேட்டியெல்லாம் இப்போது நாற்காலி மேலே கிடக்கிறது. அந்தச் சீட்டு கை நழுவினால் மறுபடியும் எந்தத் தீவோ எத்தனை வருஷமோ, அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

அந்த மையத்தில் எனக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் முப்பது டீச்சருங்களை மணலில் நடக்கவைத்து எல்லாம் காட்டுகிறவன் நான்தான். நண்டு வளை எது, காலியான சங்குக்குள் குடியிருக்கிறது யார், ஜெல்லிமீன், அதான் நம்ம சொறி, ஒதுங்கிக் கிடந்தால் ஏன் கையால் தொடக்கூடாது, மேற்கே நிலத்துப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்தால் கடல் ஏன் தகடு மாதிரி கிடக்கிறது, எல்லாம் என் வாயிலிருந்து வருகிறதுதான். தி.நகரிலிருந்து வந்த கணக்கு டீச்சர் ஒருத்தர் நண்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி நடக்கும் என்று கேட்டார், நான் யோசிக்காமல் நூற்றுப் பதினாலு என்றேன், முப்பது டீச்சரும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஏழாங்கிளாசில் என்னை முட்டிபோட வைத்த பள்ளிக்கூடத்திலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள், யோசித்துப் பார்.

இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு அந்த ஆபீஸ்காரர் சுந்தரராமன் புதன்கிழமை என்ன கேட்டார் தெரியுமா. நீ வெளிநாட்டில் இருப்பதால் வீட்டார் யாராவது கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு ஃபாரத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டம். ஆழமான தண்ணீரில் ஐம்பது மீட்டர் நீந்தத் தெரியும் என்பது முதல் கட்டம். நீந்தத் தெரியாது, பயிற்சி தேவை என்பது இரண்டாவது. இரண்டாவதில் டிக் போட்டால் ஒரு மாதம் முன்னாடியே ஏப்ரலில் வந்து நீச்சல் குளத்தில் பழகிக்கொள்ளவேண்டும், சீட்டுக்கு ஒன்றும் ஆகாது சார் என்கிறார். ஒன்றும் ஆகாதாம். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி இது. மயிலாப்பூர் கோயில் குளத்துப் படிக்கட்டைப் பார்த்து நீ எப்பவாச்சும் நனைஞ்சிருக்கியான்னு கேப்பியா சாரே, குப்பத்துப் பொண்ணுக்கு இன்னா ஃபாரம் வேண்டிக்கீதுன்னு நான் போட்ட சத்தத்தில் கீழே பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவனைக் கூப்பிட்டு, உன் வீட்டுப் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்பது, கை நீட்டி அடிப்பதை விட மோசம். ரூல் சார், எல்லாருக்கும்தான் சார் என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஏறியது.

சத்தம் கேட்டு விஜயலக்ஷ்மி மேடம் வெளியே வந்தார். அபிராமபுரத்து அம்மா, காலேஜில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினவர், மையத்துக்கே தலைவர். டில்லிபாபு, கத்தாதேங்கோ, உள்ள கிளாஸ் நடந்துண்டிருக்கு, போன வருஷம் ஒரு டீச்சர் பாலவாக்கத்துல மாஸ்க்கை மாட்டிண்டு இறங்கி மூணு வாய் தண்ணி குடிச்சுட்டா, அதுக்கப்புறம்தான் இந்த ஃபாரமே வந்ததுன்னு சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். உங்களைவிட எனக்கு யார் சாட்சி வேணும், உங்களுக்குத் தெரிஞ்சதை டிக் பண்ணுங்கோ, நான் மேல ஒரு கேள்வி கேக்கமாட்டேன் என்று அவர் பேனாவையே கழற்றி என் கையில் கொடுத்தார். அத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் பேனாவைப் பிடித்து முதல் கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரி டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். போட்ட கையோடு, உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவனே நான்தான் என்றேன், பன்னிரண்டு வயதில் நீ கடலுக்குள் நீந்திப் போய், முட்டையிட வந்து வலையில் மாட்டிக்கிட்ட பங்குனி ஆமையை வலையை அறுத்து விடுவித்ததையும் சொன்னேன். படிக்கட்டு வரைக்கும் கைத்தட்டல். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படின்னா சரி, டீச்சர்களைப் படகுல கடலுக்குக் கூட்டிண்டு போற நாள்ல மணிமொழிதான் முதலில் குதிச்சு மத்தவாளைக் கயிறு பிடிச்சுக் கூட்டிண்டு போகணும்னு சொல்லி சுந்தரராமனை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவரும் உன் பேருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினார்.

அன்றையிலிருந்து சித்தி என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. தட்டைக் கீழே வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொள்கிறது. குழம்பு ஊற்றுகிறாள், மூஞ்சியைப் பார்ப்பதில்லை. அசோகன் அதற்கும் மேலே போய், மாமா, அந்த ஆமை எந்தக் கடல்ல மாட்டிச்சு, நாங்களும் போய் பார்த்துட்டு வரோம்னு நாலு பேர் நடுவில் கேட்கிறான். அவனை விடு. எனக்கு அந்த மேடம் மேலேதான் ஆத்திரம். இவ்வளவு படித்தவர், தவளையையும் பாச்சையையும் அறுத்து அறுத்துப் பார்த்தவர், ஒரே ஒரு வார்த்தை சந்தேகப்பட்டுக் கேட்கக்கூடாதா. நிஜமா டில்லிபாபு என்று ஒரு தரம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ. பேனாவைக் கழற்றிக் கையில் கொடுத்தால் மனுஷன் என்ன பண்ணுவான். அந்தச் சிவப்பு மையை நினைத்தால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எங்கே போனாலும் நல்லா இருப்பாய், உன் கைக்கு எந்தக் குறையும் வராது, குலசாமி துணை இருக்கும். டிக்கெட்டை மே மாதத்துக்குப் போடாதே, ஏப்ரல் முதல் வாரத்துக்கே போடு, மறந்துவிடாதே. வந்து சேருகிற வரைக்கும் அங்கே யாராவது படகில் கூப்பிட்டால் ஏறாதே. ஏன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ என் படகில் ஏறி உட்கார்ந்து நானும் வரேன் நைனான்னு கேட்டாய், பெற்றவன் என் அண்ணனாக இருந்தாலும் நீ நைனா என்று கூப்பிட்டது என்னைத்தான். பொம்பளைப் பிள்ளை ஏறினால் வலையில் மீன் விழாது என்று, கரையில் நின்ற அத்தனை பேர் முன்னாடி உன் பின்னலைப் பிடித்து இறக்கினேன். குப்பத்துப் பசங்களையெல்லாம் இடுப்பில் கயிறு கட்டி அலைக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போட்டுப் பழக்கினவன், உன்னை முட்டிக்கால் தண்ணீருக்கு மேலே விடவில்லை. நீ அழுதுகொண்டே நின்றாய், சித்தி பார்த்துக்கொண்டு நின்றாள், அன்றைக்குப் பேசாமல் இருந்தாளே, அதற்கும் சேர்த்துத்தான் இப்போது பேசாமல் இருக்கிறாள். நாளைக்குக் காலையில் மாடி ஏறிப் போய் முதல் கட்டத்தை அடித்துவிட்டு இரண்டாவதில் என் கையாலேயே டிக் போடப்போகிறேன், சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்க்கட்டும். மேடம் என்ன சொல்வார் என்று தெரியவில்லை, அதை மட்டும் என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாடி உன்னிடம் சொல்லிவிடவேண்டும். மற்றதெல்லாம் நிஜம், நண்டுக்கு நூற்றுப் பதினாலு அடியும் நிஜம், ஆமையை நீ வலையை அறுத்து விடுவித்ததும் நிஜம், ஆனால் அது கரைக்கு இழுத்துவந்த வலை, சித்தியின் அரிவாள்மணையை வைத்து மணலில் உட்கார்ந்து அறுத்தாய். நான் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னது மட்டும் பொய் மகளே.

உன் நைனா,
வே. டில்லிபாபு